பனையேறிக் காசு

விஜிக்குக் கல்யாணம் நிச்சயமான அன்றே வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரோடு அல்ல. அவர்கள் பாவம், தூத்துக்குடியிலிருந்து வந்து கேசரியும் காப்பியும் சாப்பிட்டு, ஆவணியில் முகூர்த்தம் என்று பேசி முடித்து, சந்தோஷமாக பஸ் ஏறிப் போய்விட்டார்கள். சண்டை தாய்க்கும் மகளுக்கும். அதுவும் ஒரே ஒரு காசுக்காக.

“பசுவந்தனைச் சித்திய அழைக்கணும். பனையேறிக் காசு என் தாலிக் கயித்துல ஏறணும். ரெண்டும் இல்லாம நான் மணையில உக்கார மாட்டேன்” என்றாள் விஜி.

“அவளும் வரமாட்டா, அந்தப் போலியும் ஏறாது” என்றாள் ஜானகியம்மாள். “கல்யாணம் வேண்டாம்னா இப்பவே சொல்லிரு. கேசரிக்குப் போட்ட முந்திரியோட நட்டம் போகும்.”

விஜியின் அப்பா பூவனநாதன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “கடையில ஆள் இல்ல” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். கோவில்பட்டி மெயின் ரோட்டில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். அக்கா தங்கச்சி விவகாரத்தில் தலையைக் கொடுத்த ஆண்பிள்ளை எவனும் முழுசாகத் திரும்பியதில்லை என்பது அவர் கண்ட பாடம்.

அந்தக் காசு ஜானகியம்மாளின் அம்மா வழியில் வந்தது. பொன். ஒரு பக்கத்தில் ஒரு ஆள் பனைமரத்தைக் கட்டிப் பிடித்து ஏறுகிறான். பக்கத்தில் இன்னொரு ஆள் நின்று வேடிக்கை பார்க்கிறான். மறுபக்கத்தில் நட்சத்திரம் வைத்த திருவாசிக்குள் அம்மன் நிற்கிறாள். அந்த வழியில் பிறந்த எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் காசு அவள் தாலிக் கயிற்றில் ஏறும். முதல் வெள்ளாமை வீடு வந்ததும் ஒரு படி கம்புக்குள் காசைப் புதைத்து மூத்தவள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாங்குகிறவள் கம்போடு சேர்த்து அதைப் பானையில் கொட்டிவிடுவாள். காசை எடுத்துத் திருப்பிப் பார்ப்பதோ, எடை போடுவதோ கிடையாது. பார்த்தால் கொடுத்தவளைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும் என்று ஒரு கட்டு.

நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த நல்ல வழக்கத்தால், காசு இன்னது என்று அடையாளம் சொல்ல அந்தக் குடும்பத்தில் ஒருத்தியும் இல்லாமல் போனாள்.

தொண்ணூற்றைந்தில் ஜானகியம்மாளின் தங்கை ஆறுமுகத்தாய் தன் மகள் செல்வமாரியின் கல்யாணத்துக்குக் காசை வாங்கிப் போனாள். அந்த வருஷம் பசுவந்தனைப் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது. பருத்தியும் போச்சு, கொத்தமல்லியும் போச்சு. என்றாலும் எங்கேயோ ஒரு படி கம்பு வாங்கி, காசை அதில் வைத்து ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தாள். சில மாதம் கழித்து, காசின் வளையம் தேய்ந்துவிட்டதென்று அதை மாற்ற ஜானகியம்மாள் மதுரைக்குப் போனாள். பதினெட்டு வயது விஜியும் கூடப் போனாள். நகைக்கடையில் ஒரு பெரியவர் காசை லென்ஸ் வைத்துப் பார்த்தார். உள்ளேயிருந்து அதேபோல் வேறொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“இது ஒரிஜினல் இல்லம்மா. எவனோ தட்டார் பண்ணின காப்பி. எழுத்தைப் பாருங்க, எழுத்தே இல்ல. மாத்தும் கம்மி.”

ஜானகியம்மாள் அந்த இன்னொரு காசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் காதில் விழுந்தது ‘காப்பி’ என்ற ஒரே சொல்தான். மழை இல்லாத வருஷம், வீட்டில் கல்யாணச் செலவு, கையில் பொற்காசு. இந்த மூன்றையும் கூட்டி அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள். மதுரையிலிருந்து வந்தவள் வீட்டுக்குப் போகாமல் அப்படியே பசுவந்தனை பஸ்ஸில் ஏறினாள். தங்கை வாசலில், தெருவே கூடி நிற்க, திருடி என்றாள். அதற்கு மேலும் சொன்னாள். அதெல்லாம் எழுதுகிற மாதிரி இல்லை.

ஆறுமுகத்தாய் மாட்டுக்குத் தவிடு கரைத்த கையோடு நின்றாள். “நான் வாங்குனதத்தான்க்கா குடுத்தேன்” என்றாள். அதை விஜி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சின்ன வயதில் டைபாய்டு வந்தபோது, அறுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து ஒரு மாதம் மடியில் வைத்துக் கஞ்சி புகட்டியவள் இந்தச் சித்தி. அந்தக் கை காசை மாற்றியிருக்கும் என்று விஜியால் நம்ப முடியவில்லை. ஆனால் நம்பிக்கையை எந்தத் தராசில் வைத்துக் காட்டுவது?

ஒன்பது வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பசுவந்தனைத் தெருவில் சித்திக்கு ‘காசு மாத்துனவ’ என்று ஒரு பட்டமே நின்றுவிட்டது.

இப்போது விஜிக்கு வேலை ஒரு தீப்பெட்டி ஆபீஸில், கம்ப்யூட்டர் ஆபரேட்டராக. ஆபீஸ் கம்ப்யூட்டரில் நெட் கிடையாது, சீட்டாட்டம் உண்டு. அதனால் வேலை விட்டதும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாயகிருஷ்ணன் வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனாள். மாயகிருஷ்ணன் தன் அஞ்சு கம்ப்யூட்டரையும் அஞ்சு பிள்ளைபோல நினைப்பவர். ஒவ்வொன்றுக்கும் காலையில் ஊதுபத்தி காட்டுவார்.

“என்ன விஷயம் தேடணும்மா? ரிசல்ட்டா, ஜாதகமா?”

“ஒரு காசப் பத்தி, அண்ணாச்சி.”

“காசப் பத்தித்தான் ஊரே தேடுது” என்றார் அவர்.

பனைமரம், ஏறும் மனிதன், பொற்காசு என்று ஆங்கிலத்தில் தட்டினாள். வந்தது என்ன தெரியுமா? ஏதேதோ தீவுகள், கடற்கரை, அரை டவுசரோடு தென்னை மரத்தடியில் படுத்திருக்கும் வெள்ளைக்காரர்கள். மறுநாளும் அதேதான். ஒரு வாரம் இப்படியே போயிற்று. உலகத்தில் எந்த ராஜாவும் பனையேறியைக் காசில் போடவில்லை போலிருந்தது. நம்மூரில்தான் எதைப் பார்த்தாலும் பனை தெரியும். ஆகாயத்தில் மேகம் நீளமாக நின்றால்கூட, ‘அந்தா ஒத்தப் பனை’ என்போம்.

பிறகு ஒரு சாயங்காலம் அவளுக்குப் புத்தி வேறு பக்கம் போயிற்று. தெரிந்த பெயர் எதையும் வைக்காமல், கண்ணில் படுவதை மட்டும் தட்டினாள்: பொன், நீள்வட்டம், உள்ளே நிற்கும் உருவம், சுற்றி நட்சத்திரம்.

முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. அதே காசு. வெனிஸ் என்று இத்தாலி தேசத்தில் ஒரு துறைமுகப் பட்டணம். அங்கே நூற்றுக்கணக்கான வருஷம் இதை அடித்திருக்கிறார்கள். மிளகு வாங்க வந்த கப்பல்களின் வழியே இந்தப் பொன் தென்னாட்டுக்கு வந்திருக்கிறது. ஏறுகிற ஆள் பனையேறி இல்லை, அந்தப் பட்டணத்தின் தலைவர். முழங்கால் போட்டுக் கொடிக்கம்பத்தைப் பிடித்திருக்கிறார். வேடிக்கை பார்ப்பவர் ஒரு புனிதர். திருவாசிக்குள் நிற்பது அம்மன் இல்லை, இயேசு.

விஜிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாலு தலைமுறையாகக் கல்யாணத்துக்குக் கல்யாணம் அவருக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவரும் ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

சிரிப்பு அடங்கியதும் படத்தை உற்றுப் பார்த்தாள். படத்தில் இருந்த காசில் விளிம்பைச் சுற்றி அழகான எழுத்துகள். சித்தி கொடுத்த காசில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடும் புள்ளியும். படத்தில் கம்பத்தின் உச்சியில் கொடி. சித்தி கொடுத்த காசில் கொடி இல்லை, ஓலை விரித்த பனைதான். மதுரைப் பெரியவர் சொன்னதில் பொய்யே இல்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. சித்தியைக் காப்பாற்றப் போய் அவளுக்கு எதிராகச் சாட்சி தேடிக்கொடுத்தது போல இருந்தது விஜிக்கு.

நாலைந்து நாள் பிரவுசிங் சென்டர் பக்கமே போகவில்லை. வீட்டிலும் வாய் திறக்கவில்லை. ஜானகியம்மாளுக்கே பொறுக்கவில்லை.

“என்னட்டி, நெட்டுல ஒண்ணும் கெடைக்கலயா?”

“தேடுதேன்.”

“தேடித் தேடிக் கண்ணுதான் கெடும். நாஞ் சொன்னா கேக்கவா செய்யுத?” என்றாள். ஆனால் அந்தக் குரலில் ஜெயித்தவள் சந்தோஷம் இல்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா? உள்ளுக்குள் அவளுக்கும் வேறொரு பதில் வந்தால் தேவலை என்றிருந்தது. வாய்விட்டுச் சொல்லத்தான் மாட்டாள்.

விஜி கடைசியாக ஒரு முயற்சி செய்தாள். பழைய காசு சேர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டு எழுதும் ஒரு தளம் இருந்தது. வீட்டுப் பானையிலிருந்து எடுத்து வந்த காசை மாயகிருஷ்ணனின் ஸ்கேனரில் வைத்துப் படம் எடுத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிப் போட்டாள். முதல் பதில் ஒரே சொல்: போலி. இரண்டாவது பதிலும் அதுவே, கொஞ்சம் மரியாதையாக. மூன்றாவது பதில் கொச்சியிலிருந்து வந்தது. எழுதியவர் நந்தகோபால், கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் நாகர்கோவில் என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினார்.

‘அம்மா, இவர்கள் சொல்வதைக் கேட்டுக் காசைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெனிஸ் காசு வருவது நின்றுபோனாலும் நம்மூரில் கல்யாணம் நிற்கவில்லையே! அதனால் தட்டார்கள் தாங்களே அச்சு வெட்டி அடித்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அந்த எழுத்து தெரியாது. கோடும் புள்ளியுமாகப் போட்டார்கள். கொடிக்கம்பமும் தெரியாது. உங்கள் காசை வெட்டியவர் பனை என்றே நினைத்து, ஓலையோடு நன்றாக வெட்டியிருக்கிறார். நான் இத்தனை வருஷத்தில் இவ்வளவு அழகான பனையைப் பார்த்ததில்லை.’

விஜி அதை மூன்று தடவை படித்தாள். பிறகு சித்தியின் கதையை எழுதி, நேர்மையாக ஒரு கேள்வி கேட்டாள்: இதே மாதிரி ஒன்றை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் யாராவது செய்திருக்க முடியுமா?

முடியும், முடியாது என்று அவர் உடனே சொல்லவில்லை. இன்னும் தெளிவான படம் வேண்டும், கோடுகள் தெரிய வேண்டும் என்று எழுதினார். ஆனால் படத்தைப் பெரிதாக எடுக்கப் போனால் ஸ்கேனர் வெளிச்சத்தில் பொன் கூசியது. படத்தில் வெறும் மஞ்சள் வட்டம்தான் விழுந்தது. மாயகிருஷ்ணன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு கல்லாவுக்கு மேலிருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் போய் ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து வந்தார்.

“பள்ளத்துல தேச்சு, மேல மட்டும் துடைச்சிரும்மா. நம்ம கடைப் பேரு வெட்டுன பித்தளத் தகட்டுல எழுத்து தெரிய இப்படித்தான் செய்யுதேன்.”

அப்படியே செய்தாள். பனை எழுந்து நின்றது. ஓலை ஓலையாக எண்ணலாம் போலிருந்தது. ஏறுகிறவன் கால் பெருவிரலுக்குக் கீழே மயிரிழை மாதிரி ஒரு மேடு குறுக்கே ஓடியது. படத்தை அனுப்பினாள். ‘இந்த வெள்ளைப் பொடி என்ன, பல்பொடியா?’ என்று கேட்டு எழுதினார் நந்தகோபால். திருநீறு என்றதும், ‘அப்படியானால் பலிக்கும்’ என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். பத்து நாளைக்கு அவரிடமிருந்து பேச்சே இல்லை.

பத்திரிகை அடித்து வந்துவிட்டது. யாருக்கெல்லாம் கொடுப்பது என்று ஜானகியம்மாள் ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். பசுவந்தனை என்ற ஊர் இந்தப் பூமியில் இருப்பதாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை.

பதினோராவது நாள் மெயில் வந்தது. ‘கால் பெருவிரலுக்குக் கீழே பாருங்கள்’ என்று எழுதி ஒரு முகவரி கொடுத்திருந்தார். ஏதோ ஒரு வெளிநாட்டு மியூசியத்தின் தளம். திறந்தாள். டெலிபோன் லைனில் படம் மேலிருந்து துளித்துளியாக இறங்கியது. முதலில் ஓலை. பிறகு கழுத்து. பிறகு மரத்தைப் பிடித்த கை. முழங்கால்.

கரண்ட் போய்விட்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. விஜிக்கு அழுகையே வந்துவிட்டது. மாயகிருஷ்ணன் மின்வாரியத்தை அதன் பாட்டனார் வரைக்கும் இழுத்துத் திட்டினார். பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு டீ வந்தது, டீ ஆறியது, கரண்ட் வந்தது. மறுபடி ஓலை, மறுபடி கழுத்து, மறுபடி கை, முழங்கால், கால். பெருவிரலுக்குக் கீழே மயிரிழை மேடு. அதே இடம், அதே வளைவு.

நந்தகோபால் விளக்கியிருந்தார். காசு அடிக்கும் அச்சில் ஒரு கீறல் விழுந்தால், அதில் அடித்த எல்லாக் காசிலும் அந்த இடத்தில் மேடு வரும். ஆகவே இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை. மியூசியம் தன் காசை வாங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில், திருநெல்வேலி ஜில்லாவில். ‘அந்த அச்சை வெட்டிய கை மண்ணோடு மண்ணாகி நூறு வருஷம் ஆகியிருக்கும். உங்கள் சித்தி இதைத் தொண்ணூற்றைந்தில் செய்ய வைத்திருக்க முடியாது.’

எல்லாப் படங்களையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள் விஜி. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். ஜானகியம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டாள். ஆனால் அவள் என்ன லேசுப்பட்டவளா?

“சரி, பழசுதான். வேற எங்கயாவது இப்படி ஒரு பழைய காப்பி கெடைச்சு, அதை வச்சு மாத்தியிருந்தா?”

வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்க வேண்டிய பெண்பிள்ளை. விஜி இரண்டு படங்களைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று வெனிஸில் அடித்தது, மற்றது வீட்டில் இருப்பது. எது எது என்று சொல்லவில்லை.

“யம்மா, வாங்குனவ பாக்கக் கூடாது, சரி. கழுத்துல போட்டவ பார்த்திருப்பாள்லா? உன் கல்யாணத்தன்னிக்கு நீ பார்த்தது இதுல எது?”

ஜானகியம்மாள் குனிந்தாள்.

“அன்னிக்கு என்னைத் தல நிமிர விடல” என்றாள் மெதுவாக. “சாயங்காலம் வரைக்கும் குனிஞ்சே இருந்தேன். வந்தவிய மூஞ்சி ஒண்ணும் பாக்கல. உங்கப்பா மூஞ்சியே பாக்கல. நெஞ்சுல கெடந்த காசத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். பனை ஓலைய எண்ணிக்கிட்டே இருந்தேன். அஞ்சு ஓலை. ஒரு ஓலை தொங்கும்.”

அவள் விரல் தானாகவே போய் அந்தத் தொங்கும் ஓலையில் நின்றது. வெனிஸ் காசில் ஓலையும் இல்லை, பனையும் இல்லை.

“இதுதாம்ட்டி” என்றாள். “இதுதான். எப்பவும் இதுதான்.”

அவள் விரலை எடுக்கவில்லை. ஒன்பது வருஷமாகக் காசு அவள் வீட்டுப் பானையில்தான் கிடந்தது. கோபத்தில் ஒரு நாள்கூட அதை எடுத்து அவள் பார்க்கவில்லை. விஜிக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது என்று நினைத்தாள்.

“திருவாசிக்குள்ள நிக்கது இயேசு சாமியாம்மா” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

“யாரா இருந்தா என்ன? நம்மளக் கைவிடல” என்று சொல்லிவிட்டு எழுந்து முகம் கழுவப் போனாள் ஜானகியம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாயும் மகளும் பசுவந்தனையில் இறங்கினார்கள். ஆடிக் காற்று கரிசல் புழுதியை அள்ளி வீசியது. சாயங்காலமாகப் போகலாம், தெருவில் ஆள் குறையும் என்று விஜி சொல்லிப் பார்த்தாள். வேண்டாம், ஆள் இருக்கும்போதே போகணும் என்று ஜானகியம்மாள் சொல்லிவிட்டாள். ஆறுமுகத்தாய் வாசலில் பருத்திமாரை ஒடித்து விறகுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நரைத்துப் போயிருந்தது. அக்காவைக் கண்டதும் கை நின்றது. எழுந்திருக்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

ஜானகியம்மாள் வாசல் ஏறவில்லை. தெரு நடுவில் நின்றாள்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க! என் தங்கச்சி வாங்குன காசத்தான் திருப்பிக் குடுத்தா. அதே காசுதான். நான்தான் கண்ணவிஞ்சு போயி, இந்த எடத்துல நின்னு அவளத் திருடின்னு சொன்னேன். தப்பு என் மேல. அவ மேல ஒரு குத்தமும் கெடையாது.”

கதவுகள் திறந்தன. குழாயடியில் குடம் நிரம்பி வழிய, அதைக் கவனிக்காமல் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஆறுமுகத்தாய் மெல்ல எழுந்தாள். சேலையில் ஒட்டிய சிம்புகளைத் தட்டினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“கெழக்கு வீட்டு முத்துமாரியம்மாளுக்குக் காது மந்தம்” என்றாள். “அவளுக்குக் கேட்டிருக்காது.”

அம்மா இதைத் தாங்கமாட்டாள், இந்த நிமிஷமே திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிடுவாள் என்று விஜி நினைத்தாள். ஜானகியம்மாள் நடக்கவில்லை. கிழக்குப் பக்கமாகத் திரும்பினாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“யக்கா முத்துமாரி! நல்லாக் கேட்டுக்கோ! என் தங்கச்சி வாங்குன காசத்தான்...”

தங்கச்சி என்ற சொல்லிலேயே குரல் உடைந்துவிட்டது. உடைந்த குரலோடு மேலும் கத்தப் பார்த்தாள். அதற்குள் ஆறுமுகத்தாய் வாசலை விட்டு இறங்கி ஓடிவந்து, புழுதிக் கையால் அக்காவின் வாயைப் பொத்தினாள்.

“போதும்க்கா. போதும். வெயில்ல நிக்காத, உள்ள வா.”

வாயைப் பொத்திய அந்தக் கையை ஜானகியம்மாள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாசல் ஏறும்போதும் விடவில்லை.